மதியம் இரண்டு மணிக்கு இறங்கும் விமானம்

கவிதா, செந்தில், என் பிள்ளைகள் உங்கள் இரண்டு பேருக்கும், நம்ம டிராவல்ஸ் கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் தப்பு இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்த தப்பு வேறு. அதை யாரும் திருத்த முடியாது.

ஜவுளிக்கடை ஹாஜியார் கதை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சாப்பிடும்போது நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "பிளேன்ல நோன்பு வேணாம்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன், மனுஷர் கேக்கல, விழுந்து இடுப்ப ஒடிச்சுக்கிட்டாரு. அதான் சொல்றேன், கஸ்டமர்கிட்ட ஒரு விஷயத்த மூணு தடவ சொல்லணும்" என்று கடைசியில் பாடமும் வைப்பேன். போன மாதம் கடைக்கு வந்தபோது, செந்தில் அதே கதையை அதே வார்த்தைகளில் புதுப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். அந்தப் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் வாசலோடு திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்தக் கதை பொய். நடந்தது இதுதான்.

கூத்தாநல்லூரில் கடை போட்ட முதல் வருஷத்தில் எனக்கு டிக்கெட் போடத் தெரியும், அவ்வளவுதான். லண்டனுக்குக் கைக்குழந்தையோடு போன ஒரு பெண், "எத்தன மணி நேரம்ணே?" என்று கேட்டது. டிக்கெட்டைப் பார்த்தேன். சென்னையில் காலை ஏழு, லண்டனில் மதியம் ஒன்று. "ஆறு மணி நேரம்மா" என்றேன். அந்தப் பெண் ஆறு மணி நேரத்துக்குப் பால் பவுடர் அளந்து எடுத்துப்போனது. பயணம் பத்தரை மணி நேரம். இறங்கியதும் போன் செய்து, "ஏண்ணே, நாலு மணி நேரம் என் புள்ள கத்துனது ஒங்க காதுல விழுந்துச்சா?" என்று கேட்டு வைத்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் அந்தந்த ஊர் மணி அந்தந்த ஊருக்குத்தான் என்பது எனக்கு உறைத்தது. அன்றைக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். டிக்கெட்டில் இருக்கும் இறங்கும் நேரத்தை நம்பாதே. அது கண்ணைக் கட்டும். மொத்தம் எத்தனை மணி நேரம் பறக்கிறது என்பதை மட்டும் பார். இந்தச் சட்டத்தை உங்களுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பாதிதான் சரி. மீதிப் பாதி ஒரு மனிதரின் இடுப்பை ஒடித்தது.

துண்டுச் சீட்டு எழுதும் வழக்கமும் அப்போது தொடங்கியதுதான். டிக்கெட்டோடு சேர்த்துத் தமிழில் ஒரு சீட்டு. எங்கே மாறணும், எத்தனை மணி நேரம், சர்க்கரை மாத்திரை எப்போது போடணும், கடிகாரத்தை எங்கே திருப்பி வைக்கணும், எல்லாம் என் கையெழுத்தில். முதல் தடவை விமானம் ஏறும் அம்மாமார்கள் அதைத் தாலிக்கயிறு மாதிரி பத்திரமாக வைத்துக்கொள்வார்கள். சீர்காழியிலிருந்துகூட ஆள் வந்தார்கள், சீட்டு எழுதித் தருகிற கடை என்று கேட்டுக்கொண்டு. அந்தப் பெருமை எனக்குத் தலைக்கு ஏறியிருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

நோன்பு மாதத்தில் வளைகுடாவுக்குப் போகிறவர்கள், "பிளேன்ல எப்பண்ணே நோன்பு தொறக்கலாம்?" என்று கேட்பார்கள். நம்ம ஊரில் பொழுது சாயும் நேரத்தோடு ஒன்றரை மணி கூட்டி எழுதிக் கொடுப்பேன். நாலு மணி நேரப் பயணம்தானே. கிட்டத்தட்ட சரியாக இருக்கும். "நம்ம அண்ணன் சீட்டுல எழுதுனா சூரியனே அந்த நேரத்துக்குத்தான் மறையும்" என்று கடைத்தெருவில் கேலியும் பாராட்டுமாகச் சொல்வார்கள்.

அந்த வருஷம் நோன்பு நல்ல கோடையில் வந்தது. ஜூலை மாதம். ஹாஜியார் கடைக்கு வந்தார். அப்போது அவருக்கு அறுபத்தெட்டு வயது. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர். மகள் சான் பிரான்சிஸ்கோவில் இருந்தது, தலைப்பிரசவம். அதன் அம்மா, ஹாஜியாரின் வீட்டம்மா, அதற்கு இரண்டு வருஷம் முன்பே காலமாகிவிட்டார்கள். அதனால் பிரசவத்துக்கு அப்பாதான் போகவேண்டியிருந்தது. திருச்சியில் ஏறி துபாயில் மாறணும். துபாயில் காலை ஒன்பது மணிக்குக் கிளம்பும் விமானம்.

கடையில் அன்று ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தம்பி, மேட்டூர்ல தொறந்த தண்ணி நம்ம வாய்க்காலுக்கு என்னக்கி வரும்னு பொதுப்பணித்துறைக்காரனுக்கே தெரியல. நீங்க வானத்துல போறதுக்கு நிமிஷக் கணக்கு சொல்றீங்களாமே?"

"தண்ணிக்கு வழியில ஆயிரம் பேர் மடை மாத்துவாங்க ஹாஜியாரே. வானத்துல யாரு மாத்துறது?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் சிரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். "நாப்பது வருஷமா ஒரு நோன்பு விட்டதில்ல. பள்ளிவாசல்ல ஹஜ்ரத்துகிட்ட கேட்டேன். பயணத்துல விட்டுட்டு அப்பறம் புடிச்சுக்கலாம், அதுக்கு அனுமதி இருக்குன்னாரு. ஆனா மனசு கேக்கல. அப்ப அவரே சொன்னாரு, 'எத்தன மணி நேரம் வரும்னு டிராவல்ஸ்ல கேளுங்க. தாங்குற அளவுன்னா வைங்க, இல்லன்னா வேணாம்'னு. அதான் வந்தேன். நீங்க சொல்றதுதான்."

நீங்கள் சொல்கிறதுதான். அந்த நிமிஷத்தில் அவருடைய நோன்பை நான் தீர்மானிக்கிறேன் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது.

எனக்கு அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு அதற்கு முன்னால் ஒரே ஒரு டிக்கெட்தான் போட்டுப் பழக்கம். விமானம் எந்த வழியாகப் போகும் என்றுகூடத் தெரியாது. சுவரில் மாட்டியிருந்த உலகப் படத்தைப் பார்த்தேன். துபாயிலிருந்து இடது பக்கமாக, ஆப்பிரிக்கா, கடல், அப்புறம் அமெரிக்கா, அதன் கடைசியில் அந்த ஊர். பதின்மூன்றாயிரம் கிலோமீட்டர், பதினாறு மணி நேரம். மனதுக்குள் ஒரு சின்னச் சந்தேகம் எட்டிப்பார்த்தது. வளைகுடா கணக்கு இங்கே செல்லுமா? போன் பக்கத்திலேயே இருந்தது. விமானக் கம்பெனியைக் கேட்டிருக்கலாம். "நாளைக்குச் சொல்றேன் ஹாஜியாரே" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஐந்தாறு பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'தெரியல' என்ற சொல் தொண்டைவரை வந்தது. அதை விழுங்கிவிட்டேன்.

துபாயில் ஏழு மணி வாக்கில் பொழுது சாயும். ஒன்பதிலிருந்து பத்து மணி நேரம். மேற்கே போவதால் மேற்கொண்டு இரண்டு மணி கூட்டினேன். சீட்டில் எழுதினேன்: 'விமானம் கிளம்பிப் பன்னிரண்டு மணி நேரத்தில் நோன்பு திறக்கலாம்.' அடியில் ஒரு கோடும் போட்டேன்.

அவர் விரல் விட்டு எண்ணினார். "விடிய நாலு மணிக்கு துபாய்ல சஹர் சாப்பாடு. ஒம்பது வரைக்கும் அஞ்சு. அப்பறம் பன்னெண்டு. பதினேழு மணி நேரம். தாங்கிடலாம் தம்பி."

"தாராளமா ஹாஜியாரே" என்றேன்.

டிக்கெட் என் கையில்தான் இருந்தது. அதிலேயே அச்சடித்திருந்தது, சான் பிரான்சிஸ்கோவில் இறங்கும் நேரம் மதியம் இரண்டு மணி என்று. அதே தேதி. காலை ஒன்பதுக்கு ஏறி மதியம் இரண்டுக்கு இறங்குகிறவருக்கு வழியில் எங்கே அந்தி வரும்? நம்ம தெருவில் மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டாலும் சொல்லும். ஆனால் நான் பார்க்கவில்லை. இறங்கும் நேரத்தைப் பார்க்கக்கூடாது என்பதுதான் நான் போட்ட சட்டம். பால் பவுடர் தப்பைத் திருத்தக் கட்டிய கரை அது. அதே கரையில் முட்டிக்கொண்டேன்.

அவர் விமானத்தில் இருந்தபோது சூரியன் மறையவே இல்லை. அந்த ஊரில் இறங்கியும் இரவு எட்டரைவரை வெயில். விடியற்காலை சாப்பிட்டதிலிருந்து கணக்குப் போட்டால் இருபத்தேழரை மணி நேரம். இது முன்னாலேயே தெரிந்திருந்தால் அவர் நோன்பு வைத்திருக்க மாட்டார். வைத்த பிறகு, கண்ணெதிரே சூரியன் நிற்கும்போது திறக்கிற ஆளும் அவர் இல்லை.

பதினாறு மணி நேரப் பயணம் முடிய ஒரு மணி நேரம்கூட இல்லாதபோது, தொழுகைக்கு முகம் கை கழுவ எழுந்திருக்கிறார். சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. நடைபாதையில் மயங்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. விமான நிலையத்திலிருந்து நேராக ஆஸ்பத்திரி. இரண்டு நாள் நினைவு சரியாக இல்லை. மகளுக்கு அதே வாரம் பிரசவம். பிள்ளை பெற்ற வீட்டுக்கு உதவப் போனவரை, பிள்ளை பெற்றவள் வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் அவர் மகன் கடைக்கு ஓடி வந்தார். இப்போது ஜவுளிக்கடையில் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அண்ணே, அத்தா பேச்சுமூச்சு இல்லாம கெடக்குறாங்கண்ணே. நோன்பு வச்சிருந்தாங்களாம். ஹஜ்ரத்து ஒங்ககிட்ட கேக்கச் சொன்னாராம். நீங்க என்ன சொன்னீங்க?"

திட்டுவதற்காக அவர் கேட்கவில்லை. டாக்டர் கேட்டிருக்கிறார், எத்தனை மணி நேரமாகச் சாப்பிடவில்லை என்று, அதற்காகக் கேட்டார். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் அதையும் தாங்கிக்கொண்டிருப்பார். ஆனால் என் வாய் என்னைக் கேட்காமலேயே பேசியது.

"நான் வேணாம்னுதான் சொன்னேன் தம்பி. ரொம்ப நேரமாகும், பயணத்துல விட்டுடுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அவங்கதான் கேக்கல."

"அத்தா புடிவாதம் தெரிஞ்சதுதானேண்ணே" என்று தலையில் அடித்துக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலமே ஸ்டேஷனரிக் கடையில் ஓர் உலக உருண்டை வாங்கினேன். என் மேசையில் இருக்கிறதே, அழகுக்கு வைத்திருக்கிறேன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது, அதுதான். துபாயில் நூலின் ஒரு முனையை வைத்து சான் பிரான்சிஸ்கோவுக்கு இழுத்துப் பிடித்தேன். நூல் இடது பக்கம் போகவில்லை. வழுக்கிக்கொண்டு மேலே ஏறி, ரஷ்யாவைத் தாண்டி, வடதுருவத்துக்குப் பக்கத்தில் போய் அந்தப் பக்கம் இறங்கியது. கோடையில் சூரியன் மறையாத இடம் அது. தட்டைப் படத்தைப் பார்த்து நான் ஒரு மனிதரை அங்கே அனுப்பியிருந்தேன், பொழுது சாய்ந்ததும் திறந்துகொள்ளுங்கள் என்று.

அப்புறம் மூன்று மாதம் எனக்கு ஒரே பயம்தான். அவர் பிழைப்பாரா என்ற பயம் பத்து நாளில் தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு இருந்தது வேறு பயம். சீட்டு. என் கையெழுத்தில் அந்தச் சீட்டு அவர் சட்டைப் பையில் இருக்குமே என்ற பயம். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் அப்படித்தான் இருந்தேன். அவருக்குக் குணமாக வேண்டும் என்று வேண்டிக்கொண்ட அதே வாயால் அந்தச் சீட்டு தொலைந்துபோக வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டேன்.

அவர் திரும்பி வந்ததாகக் கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கவில்லை. நாளை, நாளை மறுநாள் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் பக்கம் போனபோது வாசல் வழியாகத் தெரிந்தது. எல்லோரும் வரிசையில் குனிந்து நிமிர்ந்து தொழுதுகொண்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டு அவர் உட்கார்ந்தபடியே தொழுதுகொண்டிருந்தார். நெற்றி தரையில் படவில்லை. கடைசிவரை அப்படித்தான் தொழுதார்.

நான் போகவில்லை என்றதும் அவரே வந்துவிட்டார். வாக்கரைத் தட்டித் தட்டி, கூடவே மகன். கடையில் அன்றும் நாலு பேர் இருந்தார்கள். நான் எழுந்து நின்றேன். "வாங்க ஹாஜியாரே" என்றது எனக்கே கேட்கவில்லை.

மகன்தான் பேசினார். சிரித்துக்கொண்டேதான். "இந்தா, அண்ணனையே கேளுங்க அத்தா. படிச்சுப் படிச்சுச் சொன்னாராம், நோன்பு வேணாம்னு. நீங்க யாரு பேச்ச கேட்டிருக்கீங்க?"

ஹாஜியார் என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. மணிக்கணக்குப் போடுகிறவன் நான், அந்த நேரத்தை அளக்க முடியவில்லை. அவர் 'பொய்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாலு பேர் முன்னால் என் கடை, என் சீட்டு, என் பேர் எல்லாம் அதோடு முடிந்தது.

"ஆமா" என்றார். "தம்பி சொன்னாருதான். நான்தான் கேக்கல."

பிறகு பாஸ்போர்ட்டை நீட்டினார். "இதுல ஒரு ஜெராக்ஸ் போட்டுக் குடுங்க. இன்சூரன்சுக்குக் கேக்குறான்."

ஜெராக்ஸ் மிஷின் மூலையில் இருந்தது. அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாஸ்போர்ட்டை விரித்தேன். உள்ளே நாலாக மடித்த என் சீட்டு. 'பன்னிரண்டு மணி நேரம்', அடியில் நான் போட்ட கோடு. அதற்குக் கீழே பென்சிலில் சின்னச் சின்னக் கோடுகள். ஒரு மணி நேரத்துக்கு ஒன்றாக அவர் போட்டுக்கொண்டே போயிருக்கிறார். முதல் பன்னிரண்டும் அரிசிக் கடையில் மூட்டைக்குப் போடுகிற கோடு மாதிரி நேராக, ஒரே அளவாக இருந்தன. பதின்மூன்றாவது கொஞ்சம் சாய்ந்திருந்தது. பதினாலாவது நடுங்கியிருந்தது. பதினைந்தாவது கோடு சீட்டின் ஓரம்வரை இழுத்துக்கொண்டு போயிருந்தது.

சீட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஜெராக்ஸ் போட்டேன். பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை விரித்துப் பார்த்தார், சீட்டு இல்லை என்று தெரிந்தது, மூடி வைத்துக்கொண்டார். "வர்றேன் தம்பி" என்று போய்விட்டார்.

நாற்பது வருஷம் ஒரு நோன்பு விடாத மனிதர், என் மானத்தைக் காக்க ஒரு பொய் சொன்னார். அந்தப் பொய்யை வாங்கிக்கொண்டு நான் என்ன செய்தேன்? அதை வளர்த்தேன். அவரே ஒப்புக்கொண்டுவிட்டாரே என்று தைரியம் வந்தது. வீட்டில் உங்களுக்குச் சொன்னேன். கடையில் வேலைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அதுதான் நடந்தது போல ஆகிவிட்டது. போன வருஷம் அவர் மௌத்தாகி அடக்கம் செய்தபோது மையவாடிவரை போனேன். அங்கேயும் மகன் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார், "இந்த அண்ணன்தான் அன்னக்கி நல்லதச் சொன்னாரு" என்று. அங்கேயும் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன்.

பிள்ளைகளே, இதில் பாடம் என்ன என்று கேட்பீர்கள். தொழில் பாடம் சின்னது. பறக்கும் நேரத்தையும் பாருங்கள், இறங்கும் நேரத்தையும் பாருங்கள். இரண்டும் ஒன்றையொன்று கேள்வி கேட்கட்டும். வழியை உருண்டையில் நூல் பிடித்துப் பாருங்கள், சுவர்ப் படத்தில் பார்க்காதீர்கள். இதையெல்லாம் இப்போது உங்கள் கம்ப்யூட்டரே செய்துவிடும். கம்ப்யூட்டர் செய்யாதது ஒன்று இருக்கிறது. எதிரே உட்கார்ந்திருப்பவர் "நீங்க சொல்றதுதான்" என்றால், உங்களுக்கு நிச்சயமாகத் தெரியாவிட்டால், பத்துப் பேர் பார்த்தாலும் சரி, 'தெரியல' என்று சொல்லிவிடுங்கள். அதைச் சொல்லத் தவறினால், அன்றைக்கே போய்த் தப்பு என்னுடையது என்று சொல்லுங்கள். ஒரு நாள் தள்ளினால் அது வேர் விட்டுவிடும். எனக்குப் பத்து வருஷம் ஆனது.

செந்தில் கதை சொன்னதைக் கேட்டுத் திரும்பிய மறுநாள், அலமாரியிலிருந்து அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு ஜவுளிக்கடைக்குப் போனேன். ஹாஜியார் மகன் வழக்கம்போல, "வாங்கண்ணே, டீ சொல்லட்டுமா?" என்றார். "அப்பறம் சொல்லுங்க தம்பி" என்று சீட்டை அவர் முன்னால் விரித்து வைத்தேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். நான் எழுதியது, அவரிடம் சொன்ன பொய், பாஸ்போர்ட்டில் சீட்டு வந்தது, எல்லாம்.

அவர் சீட்டையே பார்த்தார். அப்புறம் விரலை வைத்துக் கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணினார். பதினைந்தாவது கோட்டில் விரல் அதன் கூடவே ஓரம்வரை போனது.

"இது அத்தா போட்ட கோடு" என்றார். "இத நான் வச்சுக்குறேன்."

"வச்சுக்குங்க தம்பி."

அவர் சீட்டை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்தார். ஒரு வாடிக்கையாளர் வந்தார்; எழுந்து சேலை எடுத்துக் காட்டப் போனார். நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து வந்துவிட்டேன்.

அதனால் உங்களிடம் காட்ட என் கையில் அந்தச் சீட்டு இல்லை. நான் எழுதியிருக்கும் இதுதான் இருக்கிறது. ஹாஜியார் கதையை இனி யாருக்காவது சொன்னால் இப்படிச் சொல்லுங்கள். இன்னொன்றையும் விடாமல் சொல்லுங்கள். அன்று அவர் மகன் டீ சொல்லவில்லை.